குளக்கரைப் பாதையும் பறக்கும் தட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி வளாகங்களில் சும்மா கிடக்கும் திறந்தவெளிகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், டிஸ்க் கோல்ஃப் பற்றி ஒரே ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அமைக்கச் செலவு குறைவு, மரங்களை வெட்ட வேண்டியதில்லை, ஆகவே எல்லாக் கல்லூரிகளும் முன்வரலாம் என்பது அதன் சாரம். அதில் பிழை ஏதுமில்லை. ஆயினும், அத்தகைய வளாகம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வாரம் இருமுறை ஆடிவருபவன் என்ற முறையிலும், அந்தக் களத்தின் மிக அழகான பகுதி ஒரே நாளில் மூடப்பட்டதைக் கண்ணால் கண்டவன் என்ற முறையிலும், அந்த வரி சொல்லாமல் விட்டதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வளாகத்தில் எந்த இடத்தில் நின்று தட்டை எறிய ஆசை பிறக்கிறதோ, அதே இடத்துக்குத்தான் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் காற்று வாங்க வருகிறார்கள்.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் மேடை ஒன்றிலிருந்து தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் மிகக் குறைந்த எறிதல்களில் சேர்ப்பதே டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபிலிருந்து வந்த பழக்கத்தால் ஒவ்வொரு பகுதியையும் 'ஹோல்' என்கிறோமே தவிர, தரையில் குழி எதுவும் கிடையாது. ஒரு களத்தில் 9 அல்லது 18 ஹோல்கள் இருக்கும். பிள்ளைகள் மணலில் நின்று வீசிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குறுக்களவில் 21 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். எடை பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்யப்பட்ட 'டிரைவர்' வகைத் தட்டின் விளிம்போ காற்றைக் கிழிப்பதற்காகக் கூர்மையாகவும் கெட்டியாகவும் வார்க்கப்பட்டிருக்கும்.

இந்த ஆட்டம் பிறந்ததே பொதுமக்கள் நடமாடும் பூங்காவில்தான். அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனம் 1957-இல் ஃபிரிஸ்பீ என்ற பெயரில் தட்டுகளை விற்கத் தொடங்கியது. பின்னர் அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அங்கே முதலில் வெறும் கம்பங்களே இலக்காக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்ற வாதத்துக்கு இடமில்லாதபடி சங்கிலிக் கூடை பிறகு வந்தது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் 1976-இல் தொடங்கப்பட்டது. 2002-இல் ஹெட்ரிக் மறைந்தபோது, அவரது விருப்பப்படியே அவரது அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன. ஓர் ஆட்டத்தின் மீது மனிதர் இவ்வளவு பற்று வைக்க முடியுமா என்று வியப்பவர்கள், ஒருமுறை தட்டு சங்கிலியில் மோதி எழுப்பும் ஓசையைக் கேட்டுவிட்டு வந்து பேசலாம்.

கல்லூரி வளாகத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு சிறியதன்று. அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டி 1999 முதல் தென் கரோலினாவின் ராக் ஹில் நகரிலுள்ள வின்த்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் நடந்துவருகிறது. அங்குள்ள ஏரியைச் சுற்றிப் படிந்திருக்கும் அந்தக் களத்தில், 17-ஆம் ஹோலின் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தீவு போல ஆக்கியிருப்பார்கள். உள்ளே இறங்காத தட்டுக்குத் தண்டனை உண்டு. எல்லைகளுக்கோ கயிறு கட்டியிருப்பார்கள். முதல் ஆண்டில் வென்ற கென் கிளைமோ, உலகப் பட்டத்தை 12 முறை வென்றவர். ஆனால், தேர்ந்த கைகள் எறியும் இடத்திலேயே கயிறும் காவலும் தேவைப்படுகின்றன என்பதைத்தான் நான் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். சாதாரண நாளில், சாதாரணக் கல்லூரியில், கயிறும் இல்லை, காவலும் இல்லை.

நான் ஆடும் களத்தின் ஆறாவது ஹோலை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மேட்டின் உச்சியில் எறிமேடை, கீழே குளம், குளத்தின் வலக்கரையை ஒட்டி 85 மீட்டர் தொலைவில், இரண்டு முதிய மரங்களுக்கு நடுவே கூடை. மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் நீரில் சாயும்போது, எறிந்த தட்டு முதலில் கறுப்பாகவும், திரும்பும் கணத்தில் வெள்ளையாகவும், பிறகு மீண்டும் கறுப்பாகவும் தெரியும். அந்த மூன்று வினாடிகளுக்காகவே பலர் முந்தைய ஐந்து ஹோல்களையும் அவசர அவசரமாக ஆடி முடிப்பார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். நூலகத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் நடைபாதை மேட்டுக்கும் நீருக்கும் இடையில், எறியும் வழிக்கு இடப்புறமாக ஓடுகிறது என்பதையும், அந்தப் பாதையின் ஓரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது என்பதையும் நாங்கள் யாருமே ஒரு குறையாக எண்ணியதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நான் எறிந்த தட்டு, நினைத்த இடத்துக்கு முன்பே இடப்புறம் வளைந்து அந்தப் பெஞ்சின் முதுகுப்பலகையில் போய் மோதியது. அடித்த ஒலி மேட்டின் உச்சி வரை கேட்டது. பெஞ்சில் ஒரு மாணவி அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார். தட்டு மோதிய இடத்துக்கும் அவரது தோளுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. நான் கூவியிருந்தேன், அவர் காதில் இயர்போன் இருந்தது. நான் மூச்சிரைக்க ஓடி இறங்கி மன்னிப்புக் கேட்டபோது, அவர் கோபிக்கவில்லை. தட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "இது எவ்வளவு எடை?" என்று மட்டும் கேட்டார். "175 கிராம்" என்றேன். அவர் விளிம்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பின்பு தட்டை என்னிடம் நீட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி எழுந்து போனார். அன்று மீதி ஹோல்களை நான் ஆடவில்லை.

என் கைத்தவறு என்று அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், அது முழு உண்மையாகாது. வலக்கையால் உடலின் குறுக்காக வீசும் வழக்கமான எறிதலில், தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. வேகம் இருக்கும் வரை நேராகவோ சற்று வலமாகவோ போகும். வேகம் குறைந்ததும், யார் எறிந்தாலும், இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். அது தட்டின் இயல்பு. எதிர்க்காற்று அடித்தால் வலப்புறச் சாய்வு கூடும். பின்னிருந்து காற்று வந்தால் தட்டு உயரத்தை இழந்து சீக்கிரமே இடப்புறம் இறங்கிவிடும். அன்று மாலை அடித்தது பின்காற்று. இன்னொன்றும் உண்டு: புதிதாக ஆடுபவர் பிடியை விடுவதில் இமைப்பொழுது தாமதித்தால், தட்டு வலப்புறம் வெகுதூரம் விலகிப் பறக்கும். ஆகவே இடப்புறம் தட்டின் இயல்பும் வலப்புறம் எறிபவரின் பிழையும் காத்திருக்கின்றன. இடக்கைக்காரர் வந்துவிட்டால் இரண்டும் பக்கம் மாறிக்கொள்கின்றன. கூடைக்கு நேராக ஒரு கோடு கிழித்து, 'இந்தக் கோட்டில் பாதை குறுக்கிடவில்லை' என்று வரைபடத்தில் காட்டுவதில் பொருளில்லை. வரையவேண்டியது கோடன்று, முன்னே செல்லச் செல்ல அகன்றுகொண்டே போகும் விசிறி.

எங்கள் களத்தில் அந்த விசிறியை யாரும் வரையவில்லை. எனது தவறு நடந்த ஏழெட்டு மாதங்களில் வேறொருவர் எறிந்த தட்டு, சைக்கிளில் சென்ற ஒருவரின் முழங்கையில் பட்டது. காயம் பெரிதில்லை, ஆனால் மறுநாள் காலை ஐந்தாவது ஹோல் முதல் எட்டாவது ஹோல் வரை நான்கு கூடைகளும் பிடுங்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஏழும் எட்டும் பாதைக்கு எதிர்த்திசையில், யாரும் நடக்காத சரிவில் இருந்தவை. ஏன் என்று கேட்டால், நீரின் அருகே ஆட்டம் வேண்டாம் என்பதே பதில். நிர்வாகத்தின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், நான்கு கூடைகளைப் பிடுங்கும் உழைப்பில் பாதி இருந்தால் ஒரு மேடையைத் திருப்பிப் போட்டிருக்கலாம்.

இங்குதான் களம் அமைப்பவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. காட்சி எறிபவரின் கண்ணுக்கு முன்னால்தான் விரிய வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது; அதனால் மேட்டின் உச்சி கண்ணில் பட்டதும் அங்கே மேடை கட்டிவிடுகிறார்கள். உயரத்திலிருந்து எறியும் தட்டு சமதளத்தில் எறிவதைக் காட்டிலும் நெடுந்தூரம் மிதந்து செல்லும் என்பதால், பிழைக்கும் அந்த அளவுக்கு இடம் கூடுகிறது. மாறாகக் கூடையை மேட்டின் உச்சியில் வைத்து, மேடையைக் கீழே அமைத்தால், தட்டு ஏறுசரிவில் மோதி நின்றுவிடும். ஆடுபவர் கூடையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது குளம் முழுவதும் அவர் காலடியில் கிடக்கும். பார்க்கப்போவது அதே குளம்தான்; அப்போது கையில் எறிவதற்கு ஒன்றும் இருக்காது என்பதுதான் வேறுபாடு. சொல்லப்போனால், எறியும் அவசரமின்றி நின்று பார்க்கலாம் என்பதால், அதுவே கூடுதல் இன்பம்.

மரங்களைப் பற்றியும் ஒரு சொல். மரங்களை வெட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. மரங்களுக்குத் தீங்கே இல்லை என்பது உண்மையன்று. மேடைக்கு எதிரே 10, 20 மீட்டரில் நிற்கும் மரத்தில்தான் தட்டு முழு வேகத்தில் மோதும். எங்கள் மூன்றாவது ஹோலில் அப்படி ஒரு மரம் இடுப்புயரம் முதல் தலையுயரம் வரை பட்டை உரிந்து, எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு கட்டைகளை நட்டிருந்தால் போதும். கூடையைச் சுற்றி ஆயிரம் கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் வேர்கள் வெளியே தெரிகின்றன. மரச்சீவல் பரப்புவதும், ஒவ்வொரு ஹோலிலும் கூடைக்கம்பத்தைச் செருக இரண்டு மூன்று இடங்களில் குழாய் பதித்து, சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவதும் இதற்குத் தெரிந்த வழிகள்தாம்.

ஆடுபவர்களாகிய எங்கள் மீதும் குற்றம் உண்டு என்பதை மறைக்கவில்லை. பிறருக்குக் காயம் நேரக்கூடும் என்றால் எறியக்கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது. நடப்பவருக்கே வழியில் முதலுரிமை. ஆனால், வகுப்பு முடிந்து மணியடித்து, பாதை நிறைய மாணவர்கள் வரும்போதும், 'அவர்கள் கடந்துவிடுவார்கள்' என்று கணக்குப் போட்டு எறிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைப் பலகையும் எங்களை நோக்கியே நிற்கிறது. முதல் மேடையில் களத்தின் வரைபடத்தோடு கம்பீரமாக நிற்கும் அப்பலகையை ஆடுபவர் மட்டுமே படிக்கிறார். பெஞ்சில் அமரப்போகிறவருக்கு, தலைக்கு மேல் தட்டு பறக்கும் என்று சொல்ல அங்கே ஓர் எழுத்துகூட இல்லை.

ஆகவே, களம் அமைக்க எண்ணும் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது: கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், தூக்கிச் செல்லக்கூடிய தற்காலிகக் கூடைகளை வைத்து, வகுப்புகள் நடக்கும் நாட்களில் குறைந்தது இரண்டு வாரங்கள், தேர்ந்தவர்களையும் புதியவர்களையும் சேர்த்து எறியவிட்டுப் பாருங்கள். தட்டு விழுந்த இடங்களில் எல்லாம் சிறு கொடி நடுங்கள். அந்தக் கொடிகளுக்குள் நடைபாதையோ பெஞ்சோ அகப்பட்டால், அந்த ஹோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிவிடுங்கள். ஏற்கெனவே களம் வைத்திருப்பவர்கள், விபத்து நேர்ந்தால் அந்த ஒரு ஹோலை உடனே நிறுத்துங்கள், மற்றவற்றை விட்டுவையுங்கள்.

எங்கள் ஆறாவது ஹோலின் மேடை இன்னும் உச்சியிலேயே இருக்கிறது. மாலையில் மாணவர்கள் அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற விடுமுறையில், வளாகம் காலியாக இருந்த நாளில், அனுமதி பெற்று நானும் இரு நண்பர்களும் பாதை இல்லாத பக்கமாக, மேட்டின் மறுபுறச் சரிவின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, உச்சியில் தற்காலிகக் கூடை வைத்து 100 முறை எறிந்தோம். மூன்று தட்டுகள் உச்சியைத் தாண்டின. மூன்றும் பாதைக்கு 15 மீட்டர் முன்பாகவே புல்லில் நின்றுவிட்டன. அளவுகளோடு வரைபடம் ஒன்றைத் தயாரித்து நிர்வாகத்திடம் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்