வயிற்றால் போட்ட குழாய்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்குச் சலக்குழாயை வயிற்றால் போடப் போகிறார்கள், சின்ன வேலைதானாம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அண்ணருக்குப் புரொஸ்டேட் வீங்கிச் சலம் அடைத்தது உனக்குத் தெரியும். கீழ்வழியால் கதீற்றர், அதாவது சலக்குழாய், போகவில்லை. முன்பக்க இடுப்பெலும்புக்கு இரண்டு விரல் மேலே விறைப்பு ஊசி போட்டு, அடிவயிற்றில் குத்தி நேரே சலப்பைக்குள் விட்டார்கள். முதல் நாள் இரத்தம் கலந்து வந்தது. மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பன்னிரண்டாம் நாள் இரவு கட்டிலால் எழும்பும்போது சலம் சேரும் பை கால்மாட்டில் சிக்கி, குழாய் முழுவதுமாகக் கழன்றுவிட்டது. விடியட்டும் என்று துணி வைத்துக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். அது என் பிழை. காலையில் போனபோது ஓட்டை மூடிவிட்டது. அந்த வழி உறுதிப்பட நாலு தொடக்கம் ஆறு கிழமை வேண்டுமாம். அதற்கு முன் கழன்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை பார்த்த டொக்டர் அண்ணரின் வயிற்றுத் தழும்பைத் தடவி, "இது எப்ப செய்தது?" என்று கேட்டார். 1986 இல் அப்பென்டிக்ஸ் வெடித்தபோது செய்த ஒப்பரேஷன். நீதான் அப்போது வோர்ட்டுக்குச் சைக்கிளில் கஞ்சி கொண்டுவந்தாய், மறக்கவில்லை. உடனே ஸ்கான் செய்தார்கள். குடல் தழும்போடு ஒட்டிச் சலப்பைக்கு முன்னால் கிடந்தது. சலப்பை நிரம்பியிருந்தால் குடலை மேலே தள்ளிவிடும். ஆனால் பழைய ஒப்பரேஷனால் ஒட்டிய குடல் விலகாது. ஊசி அதைத் துளைத்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு முதல் தடவை குழாய் மாற்றும்போதுதான் குடல் துளைபட்டதே தெரிய வருமாம். அண்ணருக்கு இரண்டாம் தடவை குத்தவில்லை. சின்னதாக வெட்டித் திறந்து, கண்ணால் பார்த்துப் போட்டார்கள். முதல் தடவை தப்பியது கோணேசர் புண்ணியம்.

நீ இருக்கிற இங்கிலாந்திலேயே 2009 இல் இதைப் பற்றி ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை அனுப்பி, முடிந்த இடமெல்லாம் ஸ்கான் பார்த்துப் போடச் சொன்னார்கள். ஆகவே கேட்கத் தயங்காதே. மாமா இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவரென்றால் அதையும் முன்பே சொல். போட்டபின் முதல் இரண்டு மூன்று நாள் வயிறு உப்பினாலோ, சத்தி, காய்ச்சல், கடும் வலி வந்தாலோ பொறுத்துப் பார்க்காதே.

பிறகு வருவது அடைப்புத்தான். சில கிருமிகள் சலத்தைக் காரமாக்கிக் குழாய்க்குள் சுண்ணாம்புபோலப் படிய வைக்கும். பை வெறுமையாக இருந்து அடிவயிறு கனத்தால், முதலில் குழாய் மடிந்திருக்கிறதா பார். இல்லாவிட்டால் உடனே கூட்டிக்கொண்டு போ. பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்க வேண்டும்.

அண்ணர் இப்போது நலம். குழாயைத் தொடையோடு ஒட்டி, சாரம் கட்டிக்கொண்டு பின்னேரம் கடற்கரைவரை நடக்கிறார். உன்னைக் கேட்டார்.

மாமாவின் பழைய ஒப்பரேஷன்களை மாமியிடம் விசாரித்து ஒரு தாளில் எழுதிவிட்டு, குழாய் போடும் திகதிக்கு முன் எனக்குக் கோல் எடு.

அன்புடன்,
உன் மச்சான்