செப்டம்பர் 3 மாலை சிவகங்கைப் பூங்காவில் உட்கார்ந்து பாட்டு கேட்க அனுமதி வேண்டி மனு

அனுப்புநர்: தஞ்சாவூர், திருவையாறு, பாபநாசம், கூத்தாநல்லூர் பகுதி ஸ்டீலி டான் ரசிகர்கள் (கையெழுத்துகள் தனித்தாளில்)

பெறுநர்: ஆணையர் அவர்கள், தஞ்சாவூர் மாநகராட்சி

பொருள்: ஸ்டீலி டான் இசைக்குழுவின் மறைந்த கிதார் கலைஞர் வால்டர் பெக்கர் நினைவுநாளில் பூங்காவில் கூடிப் பாட்டு கேட்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், இது கச்சேரி இல்லை. மேடை, பந்தல், பொன்னாடை, தலைமையுரை எதுவும் கிடையாது. ஃபிளெக்ஸ் கண்டிப்பாகக் கிடையாது. பதினெட்டுப் பேர், இரண்டு ஜமுக்காளம், ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர், ஒரு ஆம்பிளிஃபயர், இரண்டு சின்ன பாக்ஸ் ஸ்பீக்கர், அவ்வளவுதான். மாலை 4 மணிக்கு ஆரம்பித்து 7 மணிக்குச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

யார் இந்த வால்டர் பெக்கர் என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருடம் ஒரு மண்டபத்தில் கேட்டார்கள், பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர் "எந்தக் கட்சி?" என்றார், கட்சி இல்லை என்றதும் "அப்ப குருபூஜையா?" என்றார், அதுவும் இல்லை, ஆள் அமெரிக்கர் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கே விளக்கத் தெரியவில்லை. இந்த முறை கொஞ்சம் நிதானமாக எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெக்கர் 1950இல் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர். பார்டு கல்லூரியில் டொனால்ட் ஃபேகன் என்பவரைச் சந்தித்தார், அப்புறம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த ஜாஸ்-ராக் குழுதான் ஸ்டீலி டான். (பெயருக்கு என்ன அர்த்தம் என்பதை அரசு மனுவில் எழுத முடியாது.) முதல் ஆல்பம் 1972. 1974இலேயே ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே ஒரு பாட்டுக்குள் வரும் சின்ன கிதார் தனி வாசிப்புக்கு ஒருவர் மாற்றி ஒருவராகப் பல கிதார்க்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, சரிவரவில்லை என்று எல்லாவற்றையும் ஒதுக்கி, கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததை வைத்துக்கொண்டார்கள். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர் ஆச்சா மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து இது வேண்டாம், இது வேண்டாம் என்று தள்ளிவைப்பாரே, அந்தப் பிடிவாதம்.

அதைவிட எங்களுக்குப் பிடித்தது வேறு ஒன்று. பெக்கர் குழுவில் பேஸ் கிதார் (தாழ்ந்த ஸ்வரங்கள் வாசிக்கும் கிதார்) வாசித்தவர். சக் ரெய்னி என்ற பேஸ் கலைஞர் வந்து சேர்ந்த பிறகு, பெரும்பாலான பாட்டுகளில் அந்த இடத்தை அவருக்கு விட்டுவிட்டு இவர் கிதார் பக்கம் போய்விட்டார். தன்னுடைய சொந்தக் குழுவில்! நம் ஊரில் பக்கவாத்தியக்காரர்களுக்குள் யார் எங்கே உட்காருவது என்று நடக்கும் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

எங்களுக்கு இவர் வந்து சேர்ந்தது கூத்தாநல்லூர் வழியாக. எங்களில் ஒருவருடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட், 1977இல் வந்த ஆல்பம். அட்டையில் இருந்த பெயரை "அஜா" என்றே பல வருடம் படித்தோம், சமஸ்கிருதத்தில் அஜம் என்றால் ஆடு, ஆட்டைப் பற்றி எதற்கு இவ்வளவு சோகமாகப் பாடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டோம். "ஏஷா" என்று சொல்ல வேண்டுமாம், ஆசியா கண்டத்தைச் சொல்கிற மாதிரி. அதில் ஸ்டீவ் காட் டிரம்ஸ் வாசிக்கும் இடத்தை எங்களோடு இருக்கும் தவில்காரர் அண்ணனுக்கு முதல் தடவை போட்டுக் காட்டினோம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார், பாதியில் கையை எடுத்துவிட்டார், முடிந்ததும் "இன்னொரு தரம் போடு" என்றார். அன்றிலிருந்து அவரும் எங்களில் ஒருவர்.

1980க்குப் பிறகு குழு கலைந்தது. பெக்கர் ஹவாய்த் தீவுக்குப் போய் அவகாடோ தோட்டம் போட்டார் என்பது எங்களில் வயல் வைத்திருப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த செய்தி. தொண்ணூறுகளில் மறுபடி சேர்ந்தார்கள், 2000இல் வந்த ஆல்பத்துக்கு அடுத்த வருடம் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருதும் கிடைத்தது. 2017 செப்டம்பர் 3 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெக்கர் போய்ச் சேர்ந்தார். 67 வயது. செய்தி வந்த அன்று நாங்கள் ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். துக்கத்துக்குத் தனியாகப் போன மாதிரி இருந்தது. அந்தக் குறைதான் இந்த மனு.

தெருவுக்குப் பெயர் வையுங்கள், சிலை வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. தெருப் பெயர் அவருடைய ஊரிலேயே நடந்துவிட்டது, 2018இல் அவர் வளர்ந்த ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு தெருமுனைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். எங்களுக்கு வேண்டியது மூன்று மணி நேரம் சேர்ந்து உட்கார ஒரு மர நிழல்.

வெளிநாட்டுக்காரருக்குத் தஞ்சாவூரில் எதற்கு என்ற கேள்வி வரும். பூங்காவை ஒட்டியே இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள், ஜெர்மனியிலிருந்து வந்த தன் ஆசான் சுவார்ட்ஸுக்காக சரபோஜி மன்னர் வரவழைத்து வைத்த சலவைக்கல் சிற்பம் இன்னும் இருக்கிறது. அதே சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தவர். அப்புறம் திருவையாறு. தியாகராஜர் மறைந்து முப்பது வருடம் கழித்துப் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், அவரை ஒரு நாளும் பார்த்திராதவர், தன் சொத்தைப் போட்டு ஆற்றங்கரையில் சமாதிக் கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது பெண்களுக்கென்று தனியாகவே ஓர் ஆராதனை நடத்தினார். பெக்கரைத் தியாகராஜரோடு ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ரசிகர் என்றால் இந்த மாவட்டத்துக்குப் புரியும் என்றுதான் சொல்கிறோம்.

சரி, நடைமுறைக்கு வருகிறோம். ஸ்பீக்கருக்குக் காவல்துறை அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்கி நகலை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி, நாங்கள் அதற்கு வெகு முன்பே முடித்துவிடுவோம். பக்கத்திலேயே பெரிய கோயில், சாயரட்சை நேரத்தில் நிறுத்திவிட்டு அந்த இடைவெளியில் டீ குடிப்போம். குழந்தைகள் விளையாடும் பக்கம் வரமாட்டோம். பூங்காக் கட்டணம், மின்சாரம், சுத்தம் செய்யக் கூலி எவ்வளவு என்று சொன்னால் முன்பணமாகவே கட்டிவிடுகிறோம். மழை வந்தால் ரெக்கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விடுவோம், வேறு தேதி கேட்டு வரமாட்டோம், குறுவை அறுவடை நேரத்தில் எங்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு மாலை கிடைப்பதே பெரிது.

அனுமதி இல்லை என்றாலும் ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கூத்தாநல்லூர்க்காரர்கள் பஸ் பார்த்து வர வேண்டும், தவில்காரர் அண்ணன் அன்றைக்கு வந்த கல்யாணக் கச்சேரியை ஒப்புக்கொள்ளாமல் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டீலி டான் ரசிகர்கள்