சுருட்டு ஊர்களின் சங்கதி

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகன் வாங்கிவந்த சுருட்டுப் பெட்டியில் நிகராகுவா என்று போட்டிருக்கிறதே, ஏமாந்துவிட்டாரோ என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா, நல்ல சரக்குதான். அமெரிக்காவுக்குப் போகும் கையால் சுருட்டிய சுருட்டில் இன்றைக்கு முதலிடம் அந்த நாட்டுக்குத்தான். நம் இளவயதில் கியூபாவின் ஹவானாவை விட்டால் வேறு பேர் காதில் விழுந்ததில்லை, அதுவும் சரி.

கியூபாவின் மண் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1960-ல் காஸ்ட்ரோ அரசு சுருட்டு ஆலைகளை எடுத்துக்கொண்டது. 1962-ல் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபா மீது வர்த்தகத் தடை போட்டார். கையெழுத்துக்கு முந்தைய நாள் மாலை தன் செய்திச் செயலாளர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, காலைக்குள் ஆயிரம் கியூபச் சுருட்டு வேண்டும் என்றாராம். அவர் 1,200 தேற்றிக்கொண்டு வந்த பிறகுதான் இழுப்பறையிலிருந்து ஆணையை எடுத்துக் கையெழுத்திட்டார். சாலிஞ்சரே பிற்பாடு சொன்ன கதை. ஊருக்குத்தான் உபதேசம்!

கியூபாவை விட்டுக் கிளம்பியவர்கள் விதையையும் கைப்பக்குவத்தையும் கொண்டுபோனார்கள். பட்ரோன் என்கிற புகையிலைக் குடும்பத்துக்காரர் மயாமியில் தச்சு வேலை செய்து சேர்த்த 600 டாலரில் 1964-ல் தொழில் தொடங்கி, 1970-ல் நிகராகுவாவுக்குப் போனார். அங்கே எஸ்தெலி என்கிற ஊரில் இருந்த அவர் ஆலை 1978-ல் எரிந்தது. அடுத்த ஆண்டு அங்கே சாண்டினிஸ்டா என்கிற இடதுசாரிகளின் புரட்சி. 1985-ல் அமெரிக்க அதிபர் ரீகன் நிகராகுவா மீதும் ஒரு தடை போட, 1990 வரை அந்த நாட்டுக்கு அமெரிக்கக் கதவு சாத்திக் கிடந்தது. அந்தச் சந்தில் டொமினிக்கன் குடியரசுக்காரன் முந்திக்கொண்டான்.

90-களில் அமெரிக்காவில் சுருட்டு மோகம் தலைக்கேறியது. அங்கேதான் வினையும் வந்தது. உலர்ந்த இலையை ஆளுயரத்துக்கு அம்பாரமாக அடுக்குவார்கள். உள்ளே தானாகச் சூடேறும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். சூடு எல்லை மீறுமுன் பிரித்து, உள்ளிருப்பதை வெளியே மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். மாதக்கணக்கில், கெட்டி இலையென்றால் வருஷக்கணக்கில் பணம் முடங்கும். அதற்குப் பொறுமையில்லாத புதுப் பேர்வழிகள் பச்சை வாடை போகாத இலையைச் சுருட்டித் தள்ளினார்கள். 1997-க்குப் பிறகு சந்தை சரிந்தது. எஸ்தெலியில் பொறுத்திருந்தவர்கள் நிமிர்ந்தது அப்புறம்தான்.

நம் உறையூர்ச் சுருட்டும் கப்பலேறி லண்டன் போனதுதானே. மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே நடத்தியது. நிகராகுவாக்காரர்களுக்கு விதையோடு ஆள் வந்து இறங்கினான். நமக்கு வாங்கிப் பழகிய வெள்ளைக்காரன் மூட்டை கட்டிவிட்டான். உள்ளூர்க்காரனுக்கோ பீடியும் சிகரெட்டும் போதும். மண்ணின் மேல் பழி போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கியூபாவுக்கு இப்போதும் பேர் இருக்கிறது, சரக்குதான் தட்டுப்பாடு. 2022-ல் கோஹிபா என்கிற உயர்ரகக் கியூபச் சுருட்டின் விலையை எல்லா நாட்டிலும் ஹாங்காங் அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இயான் புயல் கியூபாவின் புகையிலைச் சீமையான பினார் தெல் ரியோவில் இலை உலர்த்தும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. பணக்காரச் சீனர்கள் விலை கேட்காமல் வாங்குகிறார்கள், அதனால் தாக்குப்பிடிக்கிறது.

சரோஜாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொங்கல் கழித்து இருவரும் வருகிறோம். தங்கச்சியிடம் சொல்லிவை.

அன்புடன்,
சண்முகம்