மார்ச்சில் இங்கிலாந்து போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், எடின்பரோ என்று ஊர் வரிசை நன்றாகத்தான் இருந்தது. எந்த மாதத்தில் எந்த ஊர் சரிப்படும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. எங்கள் காலனியிலேயே மூன்று குடும்பங்கள் வருகிற மார்ச்சில் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பப் பேசிக்கொண்டிருக்கின்றன. அவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தவன். மனைவிக்குப் பிறந்த ஊர் காங்கேயம் பக்கம். இன்றைக்கும் அவள் அண்ணன் பட்டியில் நாற்பது மேச்சேரி ஆடு நிற்கிறது. மகள் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் இருக்கிறாள். போன வருடம் மார்ச் கடைசியில் 12 நாள் போய் வந்தோம். முதலில் விசாரித்த ஒரு டிராவல்ஸில் ஒன்பது நாளில் ஏழு ஊர் என்றார்கள். "ஏனுங்க, இத்தனை காசு குடுத்துப் பஸ்ஸுக்குள்ளயேவா உக்காந்திருக்கறது?" என்று மனைவி கேட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்புறம் மகள்தான் ஒரு யோசனை சொன்னாள். அப்பாவுக்கு மில், அம்மாவுக்கு ஆடு, இரண்டும் ஒரே ரயில் பாதையில் கிடைக்கிற ஊராகப் பார்க்கலாம் என்றாள். அப்படிக் கிடைத்ததுதான் வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷரில் ஸ்கிப்டன். பழைய ஆங்கிலத்தில் அந்தப் பேருக்கே ஆட்டூர் என்றுதான் அர்த்தமாம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸுக்கு இரண்டேகால் மணி நேரம் போல, அங்கே மாறினால் முக்கால் மணியில் ஸ்கிப்டன். நான்கு இரவு அங்கேயே தங்கினோம். பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியில் அந்த வட்டாரத்தில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். சினிமாவில் பார்க்கிற பச்சை வேண்டுமென்றால் மே மாதம் போங்கள். காலையில் வெயில் அடிக்கும், பத்து மணிக்கு ஆலங்கட்டி விழும். காற்று எலும்பு வரைக்கும் போகும். திருப்பூரில் வாங்கிய தெர்மல் இரண்டு செட்டும், தண்ணீர் இறங்காத ஷூவும் இல்லாமல் இருந்திருந்தால் நான் ரூமை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். ஆனால் சாலையோரமெல்லாம் மஞ்சளாக டாஃபோடில் பூத்துக் கிடந்தது. முக்கியமாக, அது ஆடு குட்டி போடுகிற காலம்.

அங்கே வயல்களுக்கு நடுவே பொதுவழி உண்டு. தோட்டம் தனியாருடையதுதான், ஆனால் அந்த வழியில் யாரும் நடக்கலாம், திறந்த கேட்டை மறுபடி சாத்திவிட்டுப் போனால் போதும். இரண்டு பக்கமும் வேலி வைத்த நம்ம இட்டேரிப் பாதை மாதிரிதான். நம் பக்கத்தில் இட்டேரிகள் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன, அவர்கள் அம்புக்குறி அடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டுக்குக் கிளுவை முள்வேலி என்றால் அவர்களுக்குக் கல் வேலி. மண்ணோ சுண்ணாம்போ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி மலை உச்சி வரைக்கும் இழுத்திருக்கிறார்கள். சுவரின் அடியில் ஆடு மட்டும் நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை, வேண்டாதபோது அதை அடைக்கப் பக்கத்திலேயே ஒரு பலகைக்கல். மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "படலுக்கு இது தேவலை" என்றாள்.

அந்த இடத்தில் அவளை அரை மணி நேரம் நகர்த்த முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தாய் ஆட்டின் விலாவில் நீல மையில் 43 என்று போட்டிருந்தது. அதை ஒட்டி நின்ற இரண்டு குட்டிகள் மேலும் அதே 43. எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதற்காம். இன்னும் சின்னதாக இருந்த ஒரு குட்டிக்கு, மழைக்கும் காற்றுக்கும் தாங்க, மெல்லிய பிளாஸ்டிக்கில் சட்டை மாட்டியிருந்தார்கள். "குட்டிக்கு ரெயின்கோட்டுங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. எடின்பரோ கோட்டையை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு அங்கேதான் போனது.

ஸ்கிப்டனிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் சால்டேர். டைட்டஸ் சால்ட் என்ற முதலாளி 1853இல் திறந்த கம்பளி மில், அதைச் சுற்றித் தொழிலாளிகளுக்கென்றே கட்டிய ஊர். வீடு, பள்ளிக்கூடம், சர்ச், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினார், சாராயக்கடைக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. தெருக்களுக்குத் தன் பிள்ளைகளின் பெயரை வைத்திருக்கிறார். மில் லைன் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தத் தெருவில் நடக்கும்போது யாராவது "என்ன ஃபிட்டரே, ஷிப்ட்டு முடிஞ்சுதா?" என்று கூப்பிடுவார்கள் போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு கூத்து. ரிபிள்ஹெட்டில் 24 வளைவு வைத்த ரயில் பாலத்தைப் பார்க்க மகள் முன்கூட்டியே டிக்கெட் போட்டிருந்தாள். மார்ச் கடைசி ஞாயிறு விடியற்காலையில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். செல்போன் தானாக மாறிக்கொண்டது, என் ஹெச்எம்டி வாட்ச் மாறவில்லை. வாட்சை நம்பி நிதானமாக ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி போய்விட்டிருந்தது. அந்த மாதிரி மலிவு டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும்தான் செல்லும். தப்பு என்னுது. புதிதாக டிக்கெட் எடுத்து, அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ரயிலே குறைவு, கிராமத்து பஸ் சில ஊர்களுக்குக் கிடையவே கிடையாது. கார் இல்லாதவர்கள் கிராமத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டேஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 60 வயதானவர்கள் ரயில் கார்டு வாங்கினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டுக்காரர்களுக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

கடைசி இரண்டு நாள் மான்செஸ்டர். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்தவன், நிஜ மான்செஸ்டரைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது? ஊருக்கு வெளியே, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, 1784இல் தொடங்கிய குவாரி பேங்க் பஞ்சாலை இருக்கிறது. தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியது. வேலைக்குக் கொண்டுவந்த சிறுவர் சிறுமிகளைத் தங்கவைத்த விடுதியையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். அதற்குள் நின்றபோது நம்மூர் மில் விடுதிகள் ஞாபகம் வந்தன. அதை வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

லண்டனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஸ்லவ்வில் செயின்ட் லாரன்ஸ் சர்ச் மண்ணில் ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் கல்லறை இருக்கிறது. ஹீத்ரோவில் இறங்குகிற கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

இனி பயணக் கட்டுரை போடும்போது ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் மாதத்தையும் ஸ்டேஷனையும் போடச் சொல்லுங்கள். போன வாரம் மச்சான் வீட்டுப் பட்டிக்குப் போயிருந்தோம். ஒரு தாய் ஆட்டுக்கும் அதன் குட்டிக்கும் மனைவி நீல மையில் 1 என்று எழுதிவிட்டாள். மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை.