உரிமை விளக்கக் கூட்டங்கள் தமிழிலும் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரிக்குப் பிறகு அமெரிக்காவில் குடியேற்றச் சட்ட அமலாக்கம் கடுமையாகியிருப்பது தங்கள் வாசகர்கள் அறிந்ததே. இதையொட்டி நூலகங்களிலும் தேவாலயங்களிலும் வழக்கறிஞர்கள் நடத்தும் உரிமை விளக்கக் கூட்டங்கள் இங்கு பெருகியுள்ளன. இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் அவற்றைத் தமிழில், குறிப்பாக ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்காக, நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முறையான விசா உள்ள நமக்கு இதில் என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி, நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்தபின், 2025 ஏப்ரல் முதல் கண்டிப்பாக அமலாகும் என அறிவிக்கப்பட்டது. சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்கும் அது பொருந்தும். அவர்களுக்குரிய ஆவணமான ஐ-94 வருகைப் பதிவை, விமானத்தில் வந்தவர்கள் பொதுவாக இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக்கொள்ள வேண்டும். மாலை நடைக்குக் கிளம்பும் பெரியவர்களில் எத்தனை பேரிடம் அந்தத் தாள் இருக்கும்?

பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகலில் கதவைத் திறப்பவர்களும் இவர்களே. வந்தவரை வாசலில் நிறுத்திவைத்துப் பேசுவது மரியாதையல்ல என்று வளர்ந்தவர்கள். ஆனால் இங்கு குடியேற்ற அதிகாரிகள் வந்து தட்டும்போது கதவை விரியத் திறந்து வழிவிடுவதே உள்ளே வரச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்படலாம். நீதிபதி கையொப்பமிட்ட ஆணை வேறு, ‘ஐஸ்’ எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் அதிகாரியே கையொப்பமிடும் நிர்வாக வாரண்ட் வேறு. சம்மதமின்றி வீட்டினுள் நுழைய முன்னதே தேவை என்பதுதான் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவந்த நிலை. வெளியேற்ற ஆணை பெற்றவர்கள் விஷயத்தில் பின்னதே போதும் என்று அரசுத் தரப்பு அண்மையில் சொல்லத் தொடங்கியிருப்பதால், வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய குறிப்புகளை நம்பாமல், நடப்பு நிலையை அறிந்த வழக்கறிஞரிடம் நேரில் கேட்பதே நல்லது. இரண்டு தாள்களின் மாதிரியையும் திரையில் காட்டி, கதவைத் திறக்காமல் தாளைக் கீழ்வழியே அனுப்பச் சொல்வது எப்படி என்று தமிழில் விளக்கினால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

இன்னொரு பழக்கமும் எனக்குக் கவலை தருகிறது. புரியாத ஆங்கிலக் கேள்விக்கு நம் பெரியவர்கள் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டிவிடுவார்கள். குடியுரிமை உள்ளவரா என்ற கேள்விக்கு அப்படிச் சொல்வது விளையாட்டல்ல. பொய்யாகக் குடியுரிமை கோரியவர் இந்நாட்டினுள் வருவதையே நிரந்தரமாகத் தடுக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பேசாமல் இருக்கும் உரிமையைத் தரும், அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

கிரீன் கார்டு பெற்று, ஆண்டில் பாதியைச் சென்னையிலோ மதுரையிலோ கழிக்கும் பெற்றோரின் நிலை வேறு. விமான நிலையத்தில் ஐ-407 படிவத்தை நீட்டிக் கையொப்பம் கேட்டால், அது நிரந்தர வசிப்புரிமையைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் படிவம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையொப்பமிட மறுத்து, குடியேற்ற நீதிபதியின் முன் விசாரணை கோர அவர்களுக்கு உரிமை உண்டு. நீண்ட பயணத்தின் களைப்பில், மொழியும் கைகொடுக்காத நிலையில், முன்பே கேட்டறிந்தவர்தான் அதை நினைவில் வைத்துக் கேட்க முடியும்.

சங்கம் அரசியலில் இறங்கக் கூடாது, வரிவிலக்கு போய்விடும் என்று நிர்வாகிகள் சிலர் தயங்குகிறார்கள். சங்கங்களுக்கு வரிவிலக்கு தரும் 501(சி)(3) சட்டப்பிரிவு தடுப்பது வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ தேர்தல் வேலை செய்வதை. சட்டத்தை எடுத்துச் சொல்வதை அன்று. சிகாகோ மக்களுக்கு இந்த உரிமைகள் நன்றாகக் கற்பிக்கப்பட்டிருப்பதால் கைது செய்வது கடினமாகிறது என்று எல்லைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் டாம் ஹோமன் 2025 ஜனவரியில் தொலைக்காட்சியில் குறைபட்டுக்கொண்டார். கூட்டங்கள் பயனளிக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதற்குப் புதிதாக அரங்கம் தேட வேண்டாம். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் குழந்தைகள் வகுப்பில் இருக்கும்போது, தாத்தாவும் பாட்டியும் உணவுக்கூடத்தில் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும், அவர் சொல்வதைத் தமிழில் பிசகின்றிச் சொல்லக்கூடிய ஒருவரையும் அழைத்தால் போதும். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையும் தன் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் ஓர் அமர்வை இதற்கு ஒதுக்கலாம். குடியேற்ற நீதிமன்றங்களில் அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பது மிக அரிது என்பதால், கூட்டம் முடிந்து புறப்படும் ஒவ்வொருவரிடமும் ஒரு வழக்கறிஞரின் எண்ணும் பிள்ளையின் எண்ணும் கைப்பேசியில் மட்டுமின்றித் தாளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி