ஐக்கிய மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குருக்களே, போதகர்களே, மூப்பர்களே, உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் கிறிஸ்துவின் பெயரால் வணக்கம்.

பல சபைப் பிரிவினர் சேர்ந்த நம் மன்றத்தின் மாதக் கூட்டம் இவ்வாண்டு 11 முறை நடந்தது. செப்டம்பரில் மட்டும் கூடவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரத்தை வழக்கம்போல ஆலயம் மாற்றி ஆலயமாக அனுசரித்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

திருச்சபையின் முதல் பொதுச்சங்கமான நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு இது. உயிர்த்தெழுந்த நாளை எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று 325இல் அந்தச் சங்கம் விரும்பியது. பிற்காலத்தில் நாள்காட்டிகள் வேறுபட்டதால் கிழக்கும் மேற்கும் பெரும்பாலும் தனித்தனி நாளில் கொண்டாடி வருகின்றன. இந்த ஆண்டு இரண்டு கணக்குகளும் ஏப்ரல் 20இல் ஒன்றாக வந்தன. அன்று அதிகாலையில் நாம் சேர்ந்து நின்று ஜெபித்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

அந்த ஆராதனையில் ஒரு பிழை நேர்ந்தது. அது என்னுடையது. நிசேயா விசுவாசப் பிரமாணத்தை என் சபையின் ஜெபப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் பரிசுத்த ஆவியானவர் "பிதாவிலும் குமாரனிலுமிருந்து புறப்படுகிறவர்" என்று இருக்கிறது. அந்தப் பிரமாணத்துக்கு 381இல் அடுத்த பொதுச்சங்கம் வகுத்த வடிவத்தில் "குமாரனிலும்" என்ற சொல் இல்லை. பின்னாளில் மேற்கில் சேர்ந்தது அது. எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். அந்த இடம் வந்ததும் ஆர்த்தடாக்ஸ் சகோதரர்கள் நின்றிருந்த வரிசை மௌனமானது. ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் அவர்களுடைய மூப்பர் ஒருவர் தாளை என்னிடம் கொண்டுவந்து, அந்தச் சொல்லின் கீழே பெருவிரலை வைத்து, "தம்பி, தெரியாமத்தான் போட்டிருப்பீங்க. ஆனா இது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்ல" என்றார். அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். இங்கே பதிவேட்டிலும் பதிகிறேன். மே மாதக் கூட்டத்தில் அந்தச் சொல்லை எடுத்துப் பேசினோம். குமாரன் பிதாவுக்குக் குறைந்தவர் என்று போதித்தவர்களுக்கு எதிராக, குமாரனின் முழுத் தெய்வத்தன்மையை அறிக்கையிடவே அது மேற்கில் இடம்பிடித்தது என்று ஒரு குரு விளக்கினார். பிதா ஒருவரே ஊற்று என்ற சத்தியம் மங்கிவிடக்கூடாது என்பதும், பொதுச்சங்கம் தந்த பிரமாணத்தை ஒரு தரப்பு தானாக மாற்றலாமா என்பதும் தங்கள் கேள்வி என்று மூப்பர் சொன்னார். இனிப் பொது ஆராதனைகளில் 381இன் வடிவத்தையே வாசிப்பது என்று ஒருமனதாக முடிவானது. இதனால் யாரும் தங்கள் போதனையைக் கைவிட்டதாக ஆகாது என்பதும் குறிப்பில் உண்டு.

ஜூன், ஜூலைக் கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்ட பொருள் ஞானஸ்நானம். இதைத் திருமுழுக்கு என்பதா ஞானஸ்நானம் என்பதா என்பதிலேயே முதல் அரைமணி நேரம் போயிற்று. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதுகிறோம். மறுத்துப் பேச எழுகிறவர் முதலில் எதிர்த்தரப்பின் போதனையை, "ஆம், இதைத்தான் நம்புகிறோம்" என்று அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது சென்ற பொதுக்குழு வகுத்த விதி. அதை முதல்முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்.

விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் போதகர் எழுந்தார். "தண்ணீர் பட்டாலே குழந்தை இரட்சிக்கப்பட்டுவிடும் என்று நம்புகிறார்கள்" என்று தொடங்கினார். "இல்லை ஐயா" என்றார் எதிரே இருந்த, குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபையின் ஆயர். போதகர் மறுபடி முயன்றார், மறுபடியும் இல்லை. மூன்றாம் முறை சற்று நேரம் யோசித்துவிட்டு, "பிள்ளை கடவுளைத் தேடுவதற்கு முன்பே கடவுள் பிள்ளையைத் தேடி வருகிறார், அதற்கு அடையாளம் என்கிறீர்கள். விசுவாசத்தில் வளர்ப்பது சபையின் பொறுப்பு என்கிறீர்கள்" என்றார். ஆயர், "ஆமா, அதுதான்" என்றார். அடுத்து ஆயரின் முறை. "ஏற்கெனவே பெற்றவர்களுக்கு மறுபடி கொடுக்கிறீர்கள்" என்றதும், "மறுபடி இல்லை, அதுதான் முதல் தடவை என்று நம்புகிறோம்" என்று திருத்தினார் போதகர். இரண்டு மாதம் பேசியும் ஒருவரும் கருத்து மாறவில்லை. மாறவேண்டும் என்று நாம் கூடவும் இல்லை. ஆனால் அதற்குப்பின் எந்தத் தரப்பின் வாயிலும் மற்றவரைப் பற்றிய அந்தப் பழைய வாசகங்களை நான் கேட்கவில்லை.

இதே வேறுபாட்டுக்காக 1527 ஜனவரியில் சூரிச் நகரில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்டனை விதித்தது கிறிஸ்தவ நகரசபை. மறுஞானஸ்நானக்காரர் என்று அழைக்கப்பட்டவர்களைத் துன்புறுத்தியதில் தங்கள் முன்னோருக்கு இருந்த பங்குக்காக, லூத்தரன் உலக சம்மேளனம் 2010இல் ஸ்டுட்கார்ட்டில், அவர்கள் வழிவந்த மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. ஜூலைக் கூட்டத்தில் இதை வாசித்தபோது நெடுநேரம் யாரும் பேசவில்லை.

இனி ஆகஸ்ட். எல்லாரும் ஒரே பந்தியில் திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்று இளைஞர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். முழு ஒருமைப்பாட்டின் அடையாளம் அந்தப் பந்தி, ஒருமைப்பாடு வருமுன் அதைப் பகிர்வது பொய்யாகும் என்றார்கள் சிலர். அது கர்த்தருடைய பந்தி, ஒருமைப்பாட்டுக்கு அதுவே வழி என்றார்கள் வேறு சிலர். இரு தரப்பும் அந்தப் பந்தியின்மேல் கொண்ட பக்தியினால்தான் பேசின. 1529இல் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 15 விஷயங்களில் 14இல் உடன்பட்டு, இந்தப் பந்தியைப் பற்றிய கடைசி ஒன்றில்தான் பிரிந்தார்கள். அவர்கள் வழிவந்த சபைகள் லாயென்பெர்க் உடன்படிக்கையால் பந்தியில் ஒன்றுசேர்ந்தது 1973இல். இடையே 444 ஆண்டுகள். வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார்கள். நான் மறுத்தேன். மனச்சாட்சியைக் கை தூக்கி எண்ண முடியாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இளைஞர்கள் வருத்தத்தோடு போனார்கள். இப்படியொரு தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்ததே தவறு என்று ஓர் உறுப்பினர் சபை மன்றத்தை விட்டு விலகியது. அதனால்தான் செப்டம்பரில் கூடவில்லை. "சத்தியத்தை விட்டுக்கொடுத்து வரும் ஐக்கியம் ஐக்கியமல்ல" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் போனதுதான் வலிக்கிறது.

அக்டோபரில் இருந்தவர்களோடு மீண்டும் கூடி, 1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட, நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவியான மனிதனைக் கடவுள் நீதிமானாக ஏற்பது, பற்றிய கூட்டறிக்கையைப் படித்தோம். பின்னர் 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் கண்டனம் செய்த வாசகங்கள், இந்த அறிக்கையில் விளக்கியுள்ள போதனைக்குப் பொருந்தாது என்கிறது அது. மீதமுள்ள வேறுபாடுகளை மறைக்கவில்லை என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு கூடியது. போதாது என்று கருதும் உறுப்பினர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நவம்பர்க் கூட்டம் முழுவதையும் கொடுத்தோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். மாற்குவின் காரணமாகப் பவுலும் பர்னபாவும் கடுமையாகப் பிணங்கிப் பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15:39). அதே பவுல் கடைசியில், "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா" என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். விலகிய சபையின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்காமல் வைக்கவும், மாதந்தோறும் கூட்ட அறிவிப்பை அவர்களுக்குத் தொடர்ந்து அனுப்பவும் அனுமதி கேட்கிறேன். ஜனவரி அறிவிப்பை அவர்கள் முகவரி எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

தங்கள் ஊழியத்தில்,
செயலாளர்