அப்பாவுக்குப் பிறகு அம்மாவின் கார்டு: சங்கத்துப் பெரியப்பாமார்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கண்டனூர், கோட்டையூர் பக்கம் முன்னாள் படைவீரர் சங்கங்களை நடத்திவரும் பெரியப்பா, சித்தப்பாமார்களுக்கு,

வணக்கம். உங்களோடு ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் மெடலைத் துடைத்துக் குத்திக்கொண்டு கொடியேற்ற வந்த ஒரு ஹவில்தாரின் மகள் நான். அப்பா தை மாதம் தவறிவிட்டார். நீங்கள் எல்லோரும் வந்து நின்று, பெட்டி மேல் கொடி போர்த்தி அனுப்பி வைத்தீர்கள். அதை எங்கள் குடும்பம் மறக்காது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது. அப்பாவின் மருத்துவத் திட்டக் கார்டைக் காட்டி மருந்து வாங்க, முதல் பஸ் பிடித்து முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான பாலிகிளினிக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் கார்டை வாங்கிப் பார்த்தவர், "சார் இறந்துட்டாருன்னா இது செல்லாதும்மா, உங்க பேர்ல புதுசா போடணும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கார்டை வாங்கிச் சுருக்குப்பையில் வைத்து, கயிற்றை இரண்டு தடவை இழுத்து முடிந்தார். வீடு வரும்வரை பேசவே இல்லை. இருபது வருஷமாக அது தன் கார்டு என்றுதான் நினைத்திருந்தார்.

கவுண்டரில் இருந்தவர் சொன்னது சரிதான். முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் (ஈ.சி.எச்.எஸ்.) முதன்மை உறுப்பினர் அப்பா, அம்மா அவரைச் சார்ந்தவர். அப்பா போனதும் அம்மா முதன்மை உறுப்பினராக மாறி, இறப்புச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதிய உத்தரவு எல்லாம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். பங்களிப்புத் தொகையை மறுபடி கட்ட வேண்டியதில்லை, அது ஒரே தடவைதான். இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம்தான் பெரிய சிக்கல். அப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்து, படையிலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தோம். மனைவி பெயர் மீனாள் என்று இருந்தது. ஆதாரில் மீனாட்சி. எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டும் ஒன்றுதான், கோயிலில் அர்ச்சனைக்கு எதைச் சொன்னாலும் குருக்கள் ஏற்றுக்கொள்வார். ஆவணத்தில் அது இரண்டு பெண்கள். நோட்டரியிடம் அபிடவிட், படையின் ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம், பதில் வரக் காத்திருப்பு என்று ஐந்து மாதம் ஓடியது. அதுவரை மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கண் டாக்டர் எல்லாம் கைக்காசு. அப்பா இருந்தபோது ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

2003 ஏப்ரல் 1 முதல் இந்தத் திட்டம் நடக்கிறது. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு உறுப்பினர் ஆவது கட்டாயம் என்பதால், சேரும் வேலையைப் படையே பார்த்துவிடுகிறது. 2017 கடைசியில் வந்த உத்தரவுப்படி பங்களிப்புத் தொகை ஹவில்தார் பதவி வரை 30,000 ரூபாய், அதற்கு மேல் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000. பணம் கட்டியாகிவிட்டது, கார்டு வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நம் வீடுகளில் நினைத்துவிடுகிறோம். குடும்பத்தில் ஒரு நல்லது கெட்டது நடக்கும்போதெல்லாம் அந்தக் கார்டும் மாற வேண்டும் என்பது மனதில் பதிவதில்லை.

பிள்ளைகளின் கார்டு எப்போது முடிகிறது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகனுக்கு 25 வயது ஆனாலோ, அதற்கு முன்பே வேலை கிடைத்தாலோ அவன் கார்டு முடிந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆனாலும், அவள் சம்பாதிக்கத் தொடங்கினாலும் அப்படித்தான். என் கல்யாணம் முடிந்த வாரமே அப்பா என் கார்டை வாங்கிக்கொண்டு போய்ப் பாலிகிளினிக்கில் ஒப்படைத்தார். "பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றி அனுப்புகிறீர்கள், இதை மட்டும் பிடுங்குகிறீர்களே" என்று அன்று கோபப்பட்டேன். உரிமை முடிந்த கார்டில் மருந்து வாங்கினால் அந்தப் பழி உறுப்பினர் தலையில்தான் விழும் என்று பிறகுதான் புரிந்தது. பல வீடுகளில் கல்யாணமான பெண்ணின் கார்டு இன்னும் பீரோவில் கிடக்கிறது. தயவுசெய்து ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

அதே விதியில் திரும்பி வரும் வழியும் இருக்கிறது, அது நம் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கணவனை இழந்தோ விவாகரத்தாகியோ வருமானம் இல்லாமல் தாய்வீடு வந்த மகளை மறுபடி சார்ந்தவராகச் சேர்க்கலாம். மாற்றுத்திறனாளி மகனுக்கு 25 வயதோடு முடிவதில்லை, உரிய சான்றிதழ் இருந்தால் ஆயுள் முழுக்க உண்டு. இதைத் தெரியாமல் எத்தனை அம்மாக்கள் நகையை அடகு வைத்து வைத்தியம் பார்க்கிறார்களோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நான் கேட்பது இதுதான். நவம்பர் மாதம் ஆயுள் சான்றுக்காக எல்லோரும் எப்படியும் சங்கத்துக்கு வருவீர்கள். அப்போது பெரியம்மா, சித்திமார்களையும் கூட்டி வாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய உத்தரவு, ஆதார், கார்டு நான்கையும் ஒரே மேசையில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்கள் இருக்கும்போதே பாருங்கள். தப்பு இருந்தால் உங்கள் கையாலேயே ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது, எந்தக் காகிதம் எதற்கு என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுங்கள். மகனிடம் சொன்னால் போதாது, அவன் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பான்.

விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் காகிதத்துக்கு எத்தனை நகல் வேண்டும் என்பது இப்போது அவருக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
உங்கள் தோழரின் மகள்,
கோட்டையூர்